ஒருவழி டிக்கெட்டில் வந்த ஸ்டிரைக்கர்

காக்கா,

இன்று காலை மைதானத்துக்குக் கொண்டு போகிற முதலுதவிப் பையைத் திறந்ததும் உங்கள் ஊது அத்தர் வாசம் மூக்கில் ஏறியது. பையின் அடியில் கிடந்த பழைய பேண்டேஜ் சுருளில் இருந்துதான் வந்தது. "பயலுவ அடிபட்டு மயங்குறதில்ல சிஸ்டர், ஒருத்தன் கால் நாத்தத்துல இன்னொருத்தன் மயங்குறான்" என்று சொல்லி, என்னிடம் கேட்காமலே ஒவ்வொரு சுருளிலும் ஒரு சொட்டு தடவி வைப்பீர்கள். ஆஸ்பத்திரியில் இப்படிச் செய்தால் என் வேலை போய்விடும் என்று நான் கத்துவேன். நீங்கள் பாட்டுக்கு அடுத்த சுருளை எடுப்பீர்கள். எத்தனையோ தடவை துவைத்தும் போகாத வாசம். நல்ல சரக்கைத்தான் தடவியிருக்கிறீர்கள். கடையில் எனக்கு விற்றது வேறு சரக்கு போலிருக்கிறது.

நேற்று சாயங்காலம் குதைபியா கடைத்தெருவில், உங்கள் கடைக்கு மேலே இருக்கிற அந்த ரூமில்தான் கமிட்டி கூடியது. நம் கால்பந்து கிளப் மறுபடியும் இரண்டாம் டிவிஷனில் மேலே நிற்கிறது. மீதியிருக்கிற மேட்ச்சுகளை ஜெயித்தால் முதல் டிவிஷன். செக்ரட்டரி எழுந்தார். அதே செக்ரட்டரிதான், எங்கள் தூத்தூர்க் கரைக்காரர், இன்னும் ஜெர்சியை எல்லாம் தன் ரூமில் தானே துவைத்துக் காயப்போடுகிற மனுஷன். "ஃபார்வர்டு ரெண்டு பேரை நாட்டுல இருந்து எறக்குவோம். காசுக்குப் பயண நிதி இருக்கு. காக்கா பேருல ஒரு பிரமோஷன். அவருக்கு நாம செய்யுத மரியாதை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. "நிதியில இருந்து எடுக்கணும்னா எனக்க கையெழுத்து வேணும். அது கிட்டாது" என்றேன்.

இன்று மேட்ச் முடிந்ததும் மெம்பர்கள் எல்லோரையும் கூட்டி வோட்டெடுப்பு வைக்கப்போகிறார்களாம். அதற்குப் போவதற்கு முன்னால் உங்களிடம் பேச வேண்டும் போல் இருந்தது. வேறு யாரிடம் பேச? உங்கள் பேரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

இந்த வளைகுடாவில் நம் கிளப்பே ஒரு வினோதமான சேர்க்கை. உங்கள் பக்கம் காயல்பட்டினத்துக் கடைக்காரர்கள். எங்கள் பக்கம் அரபிகளின் படகுகளில் மீன் பிடிக்கிறவர்கள், ஏசி மெக்கானிக்குகள், என்னைப் போல நர்சுகள். வெள்ளிக்கிழமை நீங்கள் ஜும்மா முடித்து வருவீர்கள், நாங்கள் சர்ச்சில் பூசை முடித்து வருவோம். இரண்டு தரப்பும் அவ்வளவு பக்தியாக வந்து சேர்ந்து, பந்து உருண்ட கொஞ்ச நேரத்தில் ஒரே கெட்ட வார்த்தையைப் பேசும்.

பயண நிதி எப்படி வந்தது என்று இப்போது இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது. படகில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இறந்துபோனார். அவருக்கு விசா கொடுத்த முதலாளி, அந்தக் கஃபீல், போனை எடுக்கவில்லை. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் பிணவறையிலேயே அவர் வாரக்கணக்காகக் கிடந்தார். ஒவ்வொரு டூட்டிக்கும் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதை உங்களிடம் சொல்லி மைதானத்திலேயே அழுதேன். நீங்கள் அவரைப் பார்த்தது கிடையாது, பேர்கூடத் தெரியாது. மறுநாள் கடையை அடைத்துவிட்டு, குதைபியா முழுக்க ஏறி இறங்கிக் காசு திரட்டி அவரை ஊருக்கு அனுப்பினீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு காலி பெயிண்ட் வாளியைக் கொண்டுவந்து கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். இறந்தவரை அனுப்ப, வேலை போய் மாட்டிக்கொண்டவரை அனுப்ப. வேறு எதற்கும் கிடையாது. "ஊருக்குப் போறதுக்குத்தான் இந்தக் காசு. வர்றதுக்கு அவனவன் பாத்துக்கிடணும்" என்று நீங்கள் சொன்னதுதான் அதன் ஒரே சட்டம்.

அப்படிப்பட்ட உங்களுக்கும் ஒரு சீசனில் பைத்தியம் பிடித்ததே, காக்கா! உங்களைப் பெரிய மகானாக்கி நேற்று பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த சீசன் முழுக்க டீக்கடை டிவியில் நீங்கள் ஓர் இங்கிலீஷ் கிளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டாம் டிவிஷன் கிளப். மேலே ஏறினால் கொட்டப்போகிற டிவி பணத்தை நம்பி, கையில் இல்லாத காசுக்கு ஆட்களை வாங்கிக் குவித்து, கடைசியில் ஏறவும் முடியாமல் சொந்த மைதானத்தையே விற்றார்கள். "பாத்தீங்களா சிஸ்டர், படிச்சவன் செய்ற வேலையா இது? மைதானத்தை வித்துட்டு எங்க போய் வெளையாடுவான், ரோட்லயா?" என்று டீ கிளாஸோடு கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தீர்கள். அடுத்த மாதமே நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். விற்க நம்மிடம் மைதானம் இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

காண்டிராக்ட் கம்பெனி வைத்திருந்த ஒருவர் நம் மேட்ச் பார்க்க வந்தார். "ஷூவில இருந்து பஸ் வரைக்கும் நான் பாத்துக்கிறேன். நீங்க ஆளை எறக்குங்க. யல்லா, கெளம்புங்க" என்றார். எழுத்தில் ஒன்றும் இல்லை. வாய் வார்த்தைதான். அன்றைக்கு நீங்கள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. முதல் டிவிஷன் என்றால் விளக்குப் போட்ட ஸ்டேடியம், கேலரி, மைக்கில் கமெண்டரி. இந்த ஊரில் அதுவரை ஒரு தமிழ் கிளப்பும் அங்கே ஏறியதில்லை. "லேபர் கேம்ப்ல இருந்து பஸ் புடிச்சு வர்றவன் மணல்ல குத்தவச்சு மேட்ச் பாக்குறான். அவனுக்கு ஒரு நாளாவது நாற்காலி போட்டுக் காட்டணும் சிஸ்டர்" என்றீர்கள். அந்த ஆசையை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

கேரளத்திலிருந்து விசிட் விசாவில் ஆட்டக்காரர்களை இறக்குவது இங்கே எல்லா கிளப்பும் செய்வதுதான். வியாழக்கிழமை ஃப்ளைட்டில் இறங்குவான், வெள்ளிக்கிழமை கோல் அடிப்பான். ரிட்டர்ன் டிக்கெட்டை எந்த கிளப் எடுத்துக் கொடுக்கிறதோ, ஆள் அந்த கிளப்புடையவன் என்று எழுதாத சட்டம் ஒன்றும் உண்டு. நம்மிடம் இருந்த காசுக்கு இரண்டு வழி டிக்கெட்டோடு ஒருவனைத்தான் கூட்டிவர முடியும். நீங்கள் ஒருவழி டிக்கெட்டில் மூன்று பேரைக் கூட்டிவந்தீர்கள்.

"தோத்துப் போனா எப்பிடி காக்கா அனுப்புவிய?" என்று கேட்டேன்.

"அபசகுனமாப் பேசாதீங்க சிஸ்டர். முதல் டிவிஷனுக்குப் போய்ட்டா ஸ்பான்சர் வரிசைல நிப்பான். பயலுவள பிசினஸ் கிளாஸ்ல அனுப்புவோம்" என்றீர்கள்.

அந்த மூவரில் ஷமீலை மறக்க முடியுமா? மலப்புறத்துப் பையன், ஒல்லியான உடம்பு, வாய் திறந்தால் கூச்சம். பந்து காலுக்கு வந்தால் மட்டும் வேறு ஆள். அவன் வந்த பிறகு நாம் தோற்கவே இல்லை. மணலில் குத்தவைத்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். நீங்கள் கோட்டுக்கு வெளியே அவனுக்குச் சமமாக ஓடுவீர்கள், செருப்பு ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம். அந்த வாரங்களில் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், காக்கா. ஜெயிப்பது யாருக்குத்தான் கசக்கும்?

பிறகு அந்த காண்டிராக்டருக்கு வர வேண்டிய பில் வரவில்லை. முதலில் அடுத்த வாரம் என்றார். அடுத்து இன்ஷா அல்லாஹ் என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. கலாஸ், அதோடு முடிந்தது. ரூம் வாடகை, சாப்பாடு, மேட்ச் காசு எல்லாம் உங்கள் கடைக் கல்லாவில் இருந்து போக ஆரம்பித்தது. மூவரின் விசாவும் கடைசி மேட்ச்சுக்கு முன்னாலேயே முடிகிறது என்று அப்போதுதான் யாரோ கவனித்தார்கள். அந்த மேட்ச்சை ஜெயித்தால்தான் பிரமோஷன்.

அதே வாரம்தான் ஷமீல் என்னிடம் வந்தான். முழங்கால் இளநீர்க் காய் அளவுக்கு வீங்கியிருந்தது. "சேச்சி, குழப்பமில்லா. ஒரு ஊசி இட்டால் மதி" என்று, ஒரு ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல் சிரித்தான். தொட்டதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டினேன். உள்ளே தசைநார் கிழிந்திருந்தது. இந்தக் காலோடு இன்னொரு மேட்ச் ஆடினால் அதுதான் அவன் ஆடுகிற கடைசி மேட்ச் என்று டாக்டர் அவனிடமே சொன்னார். வெளியே வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "ஆடலைன்னா கிளப் என்னெ நாட்டிலேக்கு அயக்குமோ சேச்சி?" அவன் கையில் டிக்கெட் இல்லையே. ஆடினால்தான் ஊருக்குப் போக முடியும் என்று நினைத்துக்கொண்டு அந்தக் காலை இழுத்து இழுத்து ஓடியிருக்கிறான்.

நமக்கு எதிரே மோதப்போகிற கிளப்புக்கும் மூக்கில் வியர்த்துவிட்டது. "மூணு பேருக்கும் விசாவை நீட்டி, ரிட்டர்ன் டிக்கெட் நாங்க போடுறோம். ஆளை எங்ககிட்ட விட்டிருங்க" என்று சொல்லியனுப்பினார்கள். மாட்டுச் சந்தை மாதிரிதான்.

உங்கள் கடையில் கமிட்டி கூடியது. செக்ரட்டரி என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். "சிஸ்டரே, ஒரே ஒரு ஊசி. பயண நிதியில இருந்து விசாவை நீட்டுவோம். ஒரே ஒரு மேட்ச்சு." நான் முடியாது என்றேன். உடனே எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். உங்கள் முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. நீங்கள் சரி என்று சொல்லிவிடுவீர்கள் என்றே நினைத்தேன்.

"ஊசி போட்டா ஆடுவானா சிஸ்டர்?"

"ஆடுவான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஆட மாட்டான் காக்கா. ஒரேயடியா."

நீங்கள் கண்ணாடி அலமாரியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தீர்கள். அது சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னீர்கள். "பயண நிதியை எடுப்போம். மூணு டிக்கெட் போடுவோம். ஊருக்கு."

செக்ரட்டரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினார். "காக்கா, நீங்கதான கூட்டி வந்திய!"

"ஆமா, நாந்தான் கூட்டி வந்தேன். வேலை போய் மாட்டிக்கிட்டவனை அனுப்பத்தானே இந்தக் காசு? இவனுவளும் மாட்டிக்கிட்டவனுவதான். மாட்டி விட்டது நாம."

ஏர்போர்ட்டுக்கு நீங்களே காரில் கொண்டுபோய் விட்டீர்கள். மூவருக்கும் ஆளுக்கொரு அத்தர் பாட்டில். ஷமீல் உங்கள் தோளில் சாய்ந்து விசும்பினான். "அழுவாதடா, இங்க வச்சு எனக்கும் வந்துரும்" என்று அவனை அதட்டினீர்கள். சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நம் பசங்களை மட்டும் வைத்து ஆடினோம். என் வீட்டுக்காரர் லெஃப்ட் பேக்கில் உயிரைக் கொடுத்துத் தடுத்தார். ஒரு கோலில் தோற்றோம். அன்று சாயங்காலமே உங்களைத் துரோகி என்றார்கள், கஞ்சன் என்றார்கள். உங்கள் கடைக் கண்ணாடியில் "இரண்டாம் டிவிஷன் அத்தர்" என்று யாரோ எழுதி ஒட்டினார்கள். நீங்கள் கிழிக்கவில்லை. "பேரு நல்லாத்தான் ஈக்குது, போர்டையே மாத்திருவோமா?" என்று வருகிறவர்களிடம் கேட்டீர்கள். ஆனால் என்னிடம் ஒருநாள் மட்டும் சொன்னீர்கள்: "எனக்கு ஆசை இல்லன்னு நெனச்சிராதீங்க சிஸ்டர். என் கல்யாணத்துக்குக்கூட நான் இப்பிடி ஆசைப்படல." டீ ஆறுது குடிங்க என்றேன்.

நம்மை ஜெயித்து மேலே போன கிளப் அடுத்த சீசனில் இன்னும் பெரிய ஆட்களை இறக்கியது. பாதி சீசனில் காசு தீர்ந்தது. நிர்வாகிகள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள், கிளப் கலைந்தது. அவர்களின் ஆட்டக்காரன் ஒருவன் ரூம் வாடகைக்கு வழியில்லாமல் நம் மைதானத்தில் வந்து நின்றான். நமக்கு எதிராக அந்த ஒரு கோலை அடித்தவனே அவன்தான். அவனுக்கும் பயண நிதியில்தான் டிக்கெட் போட்டீர்கள். "ஆனா ஜன்னல் சீட் கெடயாதுடா" என்றீர்கள். அந்த வாரம் உங்களைக் கஞ்சன் என்று சொன்னவர்கள் வாளியில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தில் நீங்கள் போனீர்கள். கடையிலேயே நெஞ்சு வலி. என் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். நான் வேறு வார்டில் டூட்டியில் இருந்தேன். ஓடி வருவதற்குள் முடிந்திருந்தது. அந்த நாளைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. உங்களை இங்கேயே அடக்க வேண்டும் என்று முன்னமே வீட்டில் சொல்லி வைத்திருந்தீர்களாம். "என்னத் தூக்கிக்கிட்டு ஃப்ளைட்டுல அலையாதீங்க. அந்தக் காசுல உசுரோட ஒருத்தன் போகட்டும்." நம் பசங்க ஜெர்சியோடு தோள் கொடுத்தார்கள். நான் கபர்ஸ்தானுக்கு வெளியே காரில் இருந்தேன், மடியில் இந்தப் பைதான். சுவருக்கு அந்தப் பக்கம் உங்களை இறக்குகிறார்கள் என்று தெரிந்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்து பேண்டேஜை முகர்ந்துகொண்டே அழுதேன்.

இப்போது அந்த நிதி என் பொறுப்பில். நேற்று செக்ரட்டரி கேட்டார், "ரிஸ்க் எடுக்காம எப்பிடி சிஸ்டரே மேல போறது?"

"ரிஸ்க் எடுக்கது நீங்க. விசா முடிஞ்சு ரூமில கெடக்கப்போறது அவன். இது எந்த ஊரு ரிஸ்க்கு?" என்று கேட்டேன். "அவனுவளுக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்டாச்சா?" என்றும் கேட்டேன். செக்ரட்டரி ஸ்பான்சர் ஒருவரின் பேரைச் சொன்னார். எழுத்தில் இருக்கிறதா என்றால் இல்லை. வாய் வார்த்தைதான். எனக்கு அந்த காண்டிராக்டரின் யல்லா மறுபடி காதில் கேட்டது.

பிரமோஷனுக்கு நான் எதிரி இல்லை என்று அவர்களுக்கு எத்தனை தடவை சொல்வது? ஆளைக் கூட்டி வரட்டும். இரண்டு வழி டிக்கெட்டோடு கூட்டி வரட்டும். அடிபட்டால் உட்கார வைக்கட்டும். அதற்குத் தனியாக ஒரு வாளி வைக்கட்டும், முதல் ஆளாக என் சம்பளத்தில் இருந்து போடுகிறேன். ஆனால் கேம்பில் இருந்து பஸ் பிடித்து வருகிறவன், தனக்கு ஏதாவது ஆனால் தன்னை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்று நம்பிப் போட்ட காசை, ஒரு கார்னர் கிக்குக்குப் பணயம் வைக்க நான் யார்? செக்ரட்டரி யார்? முதல் டிவிஷன்தான் என்ன, உலகக் கோப்பையாகவே இருக்கட்டும்.

வீட்டிலும் சண்டைதான். என் வீட்டுக்காரருக்கு இது கடைசி சீசன். "ஸ்டேடியம் புல்லுல ஒரு தடவை ஓடிட்டு நிறுத்தலாம்னு பாத்தேன். நீ கெடுத்திருவ போல" என்று காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோசைக்குச் சட்னிகூடக் கேட்கவில்லை. "நீரு ஓடி ஜெயியும். ஆரு வேண்டாம்னு சொன்னது?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே, "அந்தப் பய முட்டு இப்ப எப்பிடி இருக்காம்?" என்று கேட்டார். ஷமீல் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். "காக்கா அன்னு ஏத்தி விட்டில்லெங்கில் என்டெ கால் போயேனே, சேச்சி" என்கிறான். அன்றைக்கு நீங்கள் ஃப்ளைட் ஏற்றி விடாவிட்டால் கால் போயிருக்கும் என்கிறான். ஆபரேஷன் முடிந்து இப்போது ஊரில் மறுபடி ஆடுகிறான். பின்னால் யாரோ பாஸ் பாஸ் என்று கத்துவது கேட்கிறது. என் வீட்டுக்காரர் அதை இரண்டாவது தடவையும் போடச் சொன்னார். பிறகு சட்னி கேட்டார்.

அவர் வோட்டு எந்தப் பக்கம் விழும் என்று நான் கேட்கவில்லை. நான் தோற்கலாம், காக்கா. கமிட்டியை விட்டு என்னைத் தூக்கலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்காராதே என்று சொல்லலாம். சொல்லட்டும். பையை எடுத்துக்கொண்டு, கேம்ப்காரர்களோடு மணலில் குத்தவைத்து மேட்ச் பார்ப்பேன். எவனுக்காவது அடிபட்டால் அங்கிருந்தே எழுந்து ஓடுவேன், யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன். கையெழுத்து மட்டும் போட மாட்டேன். உங்கள் பேரில் கேட்டாலும் மாட்டேன், உங்கள் பேரில் கேட்பதால் இன்னும் மாட்டேன்.

நேரமாகிவிட்டது. ஐஸ் வாங்க வேண்டும். உங்கள் பேண்டேஜைத் திரும்பவும் அடியிலேயே வைத்துவிட்டேன், மற்றவற்றிலும் கொஞ்சம் ஏறட்டும்.

அத்தனை வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த வாளியில் போட்டீர்கள். உங்களுக்காக அதிலிருந்து ஒரு காசு செலவாகவில்லை. ஊருக்குத் திரும்பிப் போகாமல் நீங்கள் மிச்சம் வைத்த அந்த டிக்கெட் என்னிடம்தான் இருக்கிறது, காக்கா. எவனோ ஒருவன் எங்கேயோ ஒரு ரூமில் மாட்டிக்கொண்டு கிடப்பான், அவனுக்குக் கொடுப்பேன். ஒரு கோலுக்குக் கொடுக்க மாட்டேன்.